கர்னல் மாறியதும் ஸ்கிரீன் கறுத்துவிட்டதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த மாதம் வந்தவற்றில் நான்கு கடிதங்கள் ஒரே விஷயத்தைச் சுற்றியே, அதாவது உபுண்டு என்ற லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அப்டேட்டால் வரும் தொல்லையைச் சுற்றியே, இருந்ததால் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

கேள்வி (கோத்தகிரி வாசகி): சார், எங்கள் ஊர் சிறு விவசாயிகளின் பசுந்தேயிலைக் கணக்கை உபுண்டு 22.04 போட்ட டெஸ்க்டாப்பில்தான் எழுதுகிறேன். பழைய என்விடியா ஜிடி 710 கிராஃபிக்ஸ் கார்டு. போன வாரம் அப்டேட் கேட்டது, கொடுத்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் லோகோ வந்து மறைந்தது, அப்புறம் ஸ்கிரீன் கறுப்புதான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள் கடையில். மாதக் கடைசி, இலைப் பணம் பட்டுவாடா செய்ய வேண்டும். கணக்கு போய்விடுமா?

பதில்: போகாதும்மா. நீங்கள் கொடுத்த அப்டேட்டில் மாறியது கர்னல், அதாவது ஹார்டுவேரை ஓட்டும் லினக்ஸின் மையப் பகுதி. கர்னல் அப்டேட் உங்கள் ஃபைல்களைத் தொடுவதே இல்லை. அழிப்பதற்கு மட்டும் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள், கீழே மேட்டுப்பாளையம் வரை தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். புதிய கர்னல் வரும்போது உபுண்டு பழையதைத் தூக்கி எறிந்துவிடாது, பக்கத்திலேயே வைத்திருக்கும். நேற்று வரை ஓடிய கர்னல் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒன்றைப் பாருங்கள். ஸ்கிரீன் கறுப்பாக இருக்கும்போது கேப்ஸ் லாக் பட்டனை அமுக்கினால் கீபோர்டில் விளக்கு எரிந்து அணைகிறதா? அணைந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது, காட்சி மட்டும்தான் வரவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். அந்த நிலையில் பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ் (S), யு (U), பி (B) என்று ஒன்றன்பின் ஒன்றாக, ஓரிரு நொடி இடைவெளி விட்டு அமுக்குங்கள். டிஸ்க்கில் எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டு மெஷின் தானே ரீஸ்டார்ட் ஆகும்.

ரீஸ்டார்ட் ஆகும்போது எஸ்கேப் பட்டனைத் தட்டுங்கள், பழைய பயாஸ் மெஷினாக இருந்தால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதைக் கொண்டு மெஷினைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனு வரும். அதில் இரண்டாவதாக இருக்கும் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போனால் கர்னல்கள் வரிசையாக இருக்கும். எண் குறைவாக உள்ளதை, அதாவது பழையதை, 'ரெக்கவரி மோட்' என்று போடாத வரியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டால் முதல் வேலையாகக் கணக்கு ஃபைலை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துவிட்டு, பட்டுவாடாவை முடியுங்கள். ரிப்பேரை அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, ஏன் இப்படி ஆனது? கார்டை இயக்கும் மென்பொருளைத்தான் டிரைவர் என்கிறோம். இன்டெல், ஏஎம்டி கார்டுகளுக்கான டிரைவர் கர்னலோடு சேர்ந்தே வருகிறது. உங்கள் கார்டுக்கு என்விடியா கொடுக்கும் டிரைவர் அப்படி வருவதில்லை. பூட்டை மாற்றினால் சாவியும் புதிதாக வெட்ட வேண்டியதுபோல, கர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் அந்த டிரைவரை அந்தக் கர்னலுக்காகவே மறுபடி கட்ட வேண்டும். இதைத் தானாகச் செய்வதற்குத்தான் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு. அது வேலை செய்ய, புதிய கர்னலுக்கான ஹெடர் ஃபைல்கள், அதாவது டிரைவரைக் கட்டத் தேவையான குறிப்பு ஃபைல்கள், மெஷினில் இருக்க வேண்டும். ஹெடர் இல்லாவிட்டாலோ, டிரைவர் பழசாகிப் புதிய கர்னலோடு ஒத்துப்போகாவிட்டாலோ டிரைவர் உருவாகாது. என்விடியா டிரைவரைப் போடும்போதே, லினக்ஸின் சொந்த நூவோ டிரைவரை ஏற்றக்கூடாது என்று தடையும் போட்டிருக்கும். ஆக அதுவும் இல்லை, இதுவும் இல்லை, கார்டை ஓட்ட ஆளே இல்லை. சிலருக்கு இதே கோளாறு கறுப்பு ஸ்கிரீனாக இல்லாமல், எழுத்தெல்லாம் பெருத்துப்போய் 1024க்கு 768 அளவில் மாட்டிக்கொண்ட ஸ்கிரீனாகத் தெரியும்.

பழைய கர்னலில் இருந்தபடியே கட்டளை அடிக்கும் டெர்மினல் ஜன்னலைத் திறந்து 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்று அடியுங்கள். என்விடியா வரிகளில் பழைய கர்னல் எண் மட்டும் இருந்து புதியது இல்லையென்றால் நான் சொன்னதுதான் காரணம். முந்தைய முறை மெஷின் பூட் ஆனபோது, அதாவது தொடங்கியபோது, என்ன நடந்தது என்பதையும் இங்கிருந்தே படிக்கலாம்: 'ஜர்னல்சிடிஎல்', இடைவெளி, 'ஹைஃபன் பி (b)', இடைவெளி, 'ஹைஃபன் 1', இடைவெளி, 'ஹைஃபன் கே'. கறுப்பாகிப் போன அந்த முறை கர்னல் எழுதிவைத்த குறிப்பு முழுக்க வரும். கடைக்காரர் ஃபார்மட் செய்யச் சொல்வதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். கீ நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் வரி இருந்தால், அங்கீகாரம் பெறாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு தடுத்திருக்கிறது. டிரைவர் போட்ட பிறகு ஒருமுறை நீல நிற ஸ்கிரீன் வந்து பாஸ்வேர்டு கேட்டிருக்கும், அதை அவசரத்தில் தாண்டிப் போனவர்களுக்கு இது நடக்கும்.

ஹெடர்தான் இல்லையென்றால் தீர்வு எளிது. 22.04 டெஸ்க்டாப் பெரும்பாலும் புதிய ஹார்டுவேருக்காக வரும் ஹெச்டபிள்யூஇ வரிசைக் கர்னலில் இருக்கும் என்பதால், 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' (sudo apt install) போட்டு 'லினக்ஸ் ஹைஃபன் ஹெடர்ஸ் ஹைஃபன் ஜெனரிக் ஹைஃபன் ஹெச்டபிள்யூஇ ஹைஃபன் 22.04' என்பதை நிறுவுங்கள். கையோடு டிரைவரும் தானே உருவாகும். மொபைல் ஹாட்ஸ்பாட்டே போதும்.

ஆனால் உங்கள் கார்டை வைத்துப் பார்த்தால் நான் வேறு ஒன்றைத்தான் சொல்வேன். ஜிடி 710 கெப்ளர் தலைமுறையைச் சேர்ந்தது, அதற்கான கடைசி என்விடியா டிரைவர் 470 வரிசை, அதை அந்த நிறுவனமே 2024ல் நிறுத்திவிட்டது. இனி ஒவ்வொரு புதிய கர்னலிலும் இந்தப் பயம் இருக்கும். நீங்கள் செய்வது கணக்கு வேலை. அதற்கு நூவோ டிரைவரே தாராளம். 'சூடோ ஆப்ட் பர்ஜ்' என்று அடித்து, ஒற்றை மேற்கோள் குறிக்குள் 'என்விடியா ஹைஃபன் நட்சத்திரக் குறி' கொடுத்து அந்த டிரைவரை மொத்தமாக நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். நூவோ கர்னலுக்குள்ளேயே இருப்பதால் புதிதாகக் கட்ட வேண்டிய வேலையே இல்லை.

கேள்வி (கூடலூர் வாசகர்): என் லேப்டாப்பில் இன்டெல் கிராஃபிக்ஸ்தான். அப்டேட்டுக்குப் பிறகு ஸ்கிரீன் விட்டு விட்டு மினுக்குகிறது. டிவியில் இணைத்தால் டிவியில் சரியாகத் தெரிகிறது. ஸ்கிரீன் போய்விட்டதா?

பதில்: பழைய கர்னலில் பூட் செய்து பாருங்கள். அங்கே மினுக்கவில்லை என்றால் ஸ்கிரீன் நன்றாக இருக்கிறது, ஈரத்தில் கெட்டுவிட்டது என்று யாராவது மாற்றச் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். படம் மாறாமல் இருக்கும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, லேப்டாப் பேனல் தன்னிடம் உள்ள படத்தையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு, பிஎஸ்ஆர் என்பார்கள். சில பேனல்களில் அது தகராறு செய்யும். கிரப் மெனுவில் 'இ' அமுக்கி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு, 'ஐ915 புள்ளி எனேபிள் அண்டர்ஸ்கோர் பிஎஸ்ஆர் = 0' என்பதை நடுவில் இடைவெளி இல்லாமல் சேர்த்து, கன்ட்ரோல் எக்ஸ் அமுக்குங்கள். இது அந்த ஒரு முறை பூட் ஆவதற்கு மட்டும்தான். மினுக்கல் நின்றால் கிரப் அமைப்பு ஃபைலில் நிரந்தரமாக எழுதி 'சூடோ அப்டேட் ஹைஃபன் கிரப்' ஓட்டுங்கள்.

இதே இடத்தில் 'நோமோட்செட்' என்று சேர்க்கச் சொல்லி பலர் ஆலோசனை தருவார்கள். ஸ்கிரீன் அளவை கர்னலே அமைக்கும் முறையை அது நிறுத்திவைக்கும். ஒன்றுமே தெரியாதபோது உள்ளே நுழைய உதவும், ஆனால் அப்படியே விட்டுவிட்டால் கிராஃபிக்ஸ் முழு வேகத்தில் ஓடாது.

கேள்வி (பூம்பாறை வாசகர்): அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது மழையில் கரண்ட் போய்விட்டது. இப்போது 'கர்னல் பேனிக்' என்று எழுத்துகள் வந்து அப்படியே நிற்கிறது.

பதில்: எழுத்து தெரிகிறது என்றால் இது டிஸ்ப்ளே கோளாறு இல்லை. பூட் ஆகத் தேவையான இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல் பாதியில் நின்றிருக்கும். பழைய கர்னலில் நுழைந்து 'சூடோ', இடைவெளி, 'டிபிகேஜி (dpkg)', இடைவெளி, 'ஹைஃபன் ஹைஃபன் கான்ஃபிகர்', இடைவெளி, 'ஹைஃபன் ஏ' ஓட்டுங்கள், விட்ட இடத்திலிருந்து முடிக்கும். இடம் போதவில்லை என்று சொன்னால் பூட் பகுதி நிரம்பிவிட்டது என்று அர்த்தம், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலை விட்டுவிட்டு அதைவிடப் பழையதை மட்டும் நீக்குங்கள். உங்கள் பக்கம் மழை மாதங்களில் மரம் விழுந்து லைன் போவது சகஜம், ஆகவே யுபிஎஸ் இல்லாமல் டெஸ்க்டாப்பில் கர்னல் அப்டேட் ஓட்ட வேண்டாம்.

கேள்வி (ஊட்டி வாசகி): இவ்வளவு தொல்லை என்றால் அப்டேட்டையே நிறுத்திவிடலாமா சார்?

பதில்: வேண்டாம், பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அதே அப்டேட்தான். முக்கியமான வேலை இருக்கும் வாரத்தில் மட்டும் 'சூடோ ஆப்ட் ஹைஃபன் மார்க் ஹோல்டு' என்று போட்டு, உங்கள் மெஷினில் உள்ள கர்னல் தொகுப்பின் பெயரைக் கொடுங்கள். வேலை முடிந்ததும் 'ஹோல்டு' இடத்தில் 'அன்ஹோல்டு' போட்டு எடுத்துவிடுங்கள், மறந்துவிடாதீர்கள். புதிய கர்னல் வந்தபின் இரண்டு நாள் பயன்படுத்திப் பார்க்கும்வரை பழையதை நீங்களாக நீக்க வேண்டாம்.