ஐந்து வெற்றிகள் மட்டுமே பெற்ற டேவ் மார்சிஸ் ஏன் மதிக்கப்படுகிறார்?

1968 முதல் 2002 வரை அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயங்களில் ஓட்டியும் ஐந்து முறை மட்டுமே வென்ற டேவ் மார்சிஸைப் பழைய ரசிகர்கள் ஏன் இவ்வளவு மதிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் பெரும்பாலான ஆண்டுகள் தம் சொந்த அணியின் 71ஆம் எண் காரையே ஓட்டினார் என்பதைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் அந்த எண்ணிக்கை நம்மை ஏமாற்றிவிடும் என்பது என் கருத்து.

விஸ்கான்சின் மாநிலத்தின் வாசாவில் பிறந்த மார்சிஸுக்கு நல்ல கார் கிடைத்தபோது என்ன நடந்தது என்பதற்குச் சான்று உண்டு. ஹாரி ஹைட் தயாரித்த கே அண்ட் கே இன்சூரன்ஸ் அணியின் டாட்ஜ் காரில் 1975ஆம் ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் சாம்பியன் ரிச்சர்ட் பெட்டிக்கு அடுத்த இடத்தைப் பிடித்தார். மறு ஆண்டில் ரிச்மண்ட், டல்லடேகா, அட்லாண்டா ஆகிய மூன்று இடங்களில் வென்றார். பின்னர் ராட் ஓஸ்டர்லண்டின் அணியில் ஓட்டியவர், 1978ஆம் ஆண்டு முடிவில் அதிலிருந்து விலகிச் சொந்த அணிக்குத் திரும்பினார். அவர் விட்டுச்சென்ற இருக்கையில் அமர்ந்த டேல் எர்ன்ஹார்ட் என்ற இளைஞர் 1980இல் சாம்பியன் ஆனார்.

மார்சிஸைப் போலவே சொந்தக் காரை ஓட்டிவந்த ரிச்சர்ட் சில்ட்ரஸ், 1981இல் ஓட்டுவதை நிறுத்திவிட்டுத் தம் காரை அதே எர்ன்ஹார்ட்டிடம் கொடுத்தார். பின்னாளில் அந்த இணை ஆறு சாம்பியன் பட்டங்களை வென்றது. வியாபாரக் கணக்கில் சில்ட்ரஸ் செய்ததே சரி. மார்சிஸோ ஸ்டியரிங்கை விட மனமில்லாதவர். ஓட்டுநரே முதலாளியாகவும் இருந்தால், ஸ்பான்சர் தேடுவது, பரிசுப் பணத்தைக் கொண்டு டயருக்கும் எஞ்சினுக்கும் சம்பளத்துக்கும் ஈடுகட்டுவது, மோதி நசுங்கிய காரை அடுத்த வாரத்துக்குள் சரிசெய்வது என எல்லாம் அவர் தலையில்தான் விழும். காரை உடைத்தால் நட்டமும் அவருடையதே என்பதால் துணிந்து ஓட்டுவதற்கும் யோசிக்க வேண்டியிருக்கும். 1992இல் ஆலன் குல்விக்கி சொந்த அணியோடு சாம்பியன் ஆனது உண்மைதான், ஆனால் அது மிக அரிதான விதிவிலக்கு. அவரும் வெறும் 10 புள்ளி வித்தியாசத்தில்தான் வென்றார்.

இந்த நிலையில் 1968 முதல் 1999 வரை நாஸ்காரின் மிகப் புகழ்பெற்ற பந்தயமான டேட்டோனா 500க்கு மார்சிஸ் தொடர்ந்து 32 முறை தகுதி பெற்றதையே நான் பெரிய சாதனையாகக் கருதுகிறேன். டேட்டோனாவில் வந்தவர்களுக்கெல்லாம் இடம் கிடைத்ததில்லை. பெரும்பாலான இடங்கள் அந்தக் காலத்தில் தகுதிப் பந்தயங்களில் போராடிப் பெற வேண்டியவையாக இருந்தன.

சொந்த அணிக்காக அவர் பெற்ற ஒரே வெற்றி, 1982 பிப்ரவரியில் ரிச்மண்டில் மழையால் பாதியில் முடிக்கப்பட்ட பந்தயத்தில் கிடைத்தது. அதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஆனால் மழை வந்த நேரத்தில் முன்னணியில் இருந்தது அவருடைய கார்தான். அதற்குப் பிறகு ஒரு வெற்றியும் இல்லாமலேயே மேலும் 20 ஆண்டுகள் ஓட்டி, 2002 டேட்டோனா 500 பந்தயத்தோடு தம் 60ஆம் வயதில் ஓய்வு பெற்றார்.