கையெழுத்துக்கு முன் நான்கு பக்கம்

கேள்வி: எனக்கு 24 வயது. பி.காம். முடித்துவிட்டு அந்தேரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காமிக்ஸ் ஓவியராக வேண்டும் என்பது சிறு வயது ஆசை. ஒரு பதிப்பகம், தமிழிலும் ஆங்கிலத்திலும் வரப்போகும் 32 பக்கக் கதைக்கு வரையச் சொல்கிறது. பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம். எல்லா உரிமையும் அவர்களுக்கே. ஒரு வாரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். வேலையை விடக் கூடாது என்கிறார் அப்பா. ஓவியக் கல்லூரியில் படிக்காததும் உறுத்துகிறது. என்ன செய்யட்டும்?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: வேலையை இப்போது விடாதீர்கள். இந்த வாரம் கையெழுத்தும் வேண்டாம். அந்த 32 பக்கங்களையும் நீங்கள் வரைந்து முடிக்க வேண்டும் என்று விரும்புவதால்தான் சொல்கிறேன்.

முதலில் கதையிலிருந்து நான்கு பக்கங்களை எடுத்து, கட்டம் பிரிப்பது, பென்சில், மை, வண்ணம், எழுத்து என்று கடைசி வரை முடியுங்கள். எத்தனை மணி நேரம் பிடித்தது என்று குறித்துவையுங்கள். தருவதாகச் சொன்ன தொகை அந்த உழைப்புக்குக் கட்டுமா, அலுவலகம் போய்க்கொண்டே எந்த மாதத்துக்குள் முடிக்க முடியும் என்பதெல்லாம் அதன் பிறகுதான் தெரியும்.

நான்கு பக்கத்துக்குச் சண்டைக் காட்சியை எடுக்காதீர்கள். இரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பேசும் காட்சியை எடுங்கள். கடினமானது அதுதான். ஆறு கட்டத்திலும் அந்த முகம் அதே ஆளாகத் தெரிய வேண்டும். முதலில் பேசுபவர் இடப்பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வசனம் எழுதும் பலூன்களிலிருந்து பேசுபவரின் வாயை நோக்கி நீளும் வால்கள் ஒன்றையொன்று வெட்டும். இன்னொன்று, பலூன்களைத் தமிழுக்கு அளந்து வையுங்கள். நம் வினைச்சொற்கள் நீளமானவை. ஒடுங்கிய பலூனில் இரண்டாக உடைந்து, படிப்பவரை நிறுத்திவிடும். தமிழ் அடங்கும் பலூனில் ஆங்கிலம் பெரும்பாலும் அடங்கிவிடும். எழுத்துக்கு இடம் ஒதுக்கிய பிறகு ஆளை வரையுங்கள்.

இனி ஒப்பந்தம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். சட்டமே இவ்வளவு காப்பு தரும்போது, உலகம் முழுவதற்கும் என்றென்றைக்குமாக நீங்கள் ஏன் எழுதித் தர வேண்டும்? இந்த இரண்டு மொழிகளில் புத்தகமாக அச்சிடும் உரிமையை, ஆண்டுக் கணக்கோடு கொடுங்கள். அனிமேஷன், பொம்மை, விளம்பரம் ஆகியவற்றுக்குத் தனியாகப் பேசச் சொல்லுங்கள். உரிமையை விற்ற பின்பும் படைப்பாளி தாமே என்று கோரும் உரிமையைப் பிரிவு 57 காக்கிறது. இருந்தாலும், அட்டையில் உங்கள் பெயர் வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முன்பணம், எத்தனை முறை திருத்தம், பாதியில் கைவிட்டால் என்ன தொகை என்பவையும் எழுத்தில் வேண்டும். மாதக்கணக்கில் உங்களோடு வேலை செய்யப்போகிறவர்களால் இன்னும் இரண்டு வாரம் பொறுக்க முடியும். முடியாது என்றால், அவர்களை நம்பி இறங்காதீர்கள்.

கல்லூரி பற்றி வருந்த வேண்டாம். ஆர்.கே. லட்சுமணுக்கு மும்பை ஜே.ஜே. ஓவியக் கல்லூரி இடம் தரவில்லை. அதே நகரத்துச் செய்தித்தாளில்தான் அவர் அரை நூற்றாண்டு கார்ட்டூன் வரைந்தார். ஆனால் கல்லூரியில் கிடைக்கும் பயிற்சியை நீங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கும். நீங்கள் அனுப்பிய ஓவியங்களில் கைகள் எல்லாம் பைக்குள்ளோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கின்றன. அலுவலகம் போகும் ரயிலில் கைப்பிடியைப் பற்றியிருக்கும் கைகளைத் தினமும் வரையுங்கள்.

அப்பாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டில் காமிக்ஸ் மட்டும் வரைந்து பிழைப்பவர்கள் குறைவு. சிறுவர் நூல், பாடப்புத்தகம் என்று சேர்த்தே பலரும் வாழ்கிறார்கள். மும்பையில் விளம்பர நிறுவனங்களுக்கும் சினிமாவுக்கும் ஸ்டோரிபோர்டு, அதாவது படமெடுக்கும் முன் காட்சிகளை வரிசையாக வரைந்து காட்டும் வேலையும் உண்டு. அந்த நான்கு பக்கங்களையே மாதிரியாக அங்கேயும் காட்டலாம். திருத்திய ஒப்பந்தம் வந்ததும், பதிப்புரிமை தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.