மலை கிளினிக்குகளில் அரசு ஆய்வு: கேள்வி பதில்

மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தின் ஆய்வுக் குழுவோடு நீலகிரி மலைப்பாதைகளில் பல ஆண்டுகள் அலைந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்றவரை பதில் தருகிறேன்.

கோத்தகிரி மருத்துவர்: படுக்கை இல்லாத ஒற்றை அறை கிளினிக்குக்கும் பதிவு வேண்டுமா?

வேண்டும். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் 2018ஆம் ஆண்டின் விதிகளும் உங்களையும் கட்டுப்படுத்தும். மருத்துவக் கழிவுக்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அங்கீகாரம் இதிலிருந்து வேறுபட்டது; அதைத் தனியாகப் பெற வேண்டும்.

கூடலூரிலிருந்து: ஆய்வுக்கு முன்கூட்டியே தகவல் தருவார்களா?

தருவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். பதிவேடுகளை அன்றன்றைக்கே எழுதுங்கள்; முன்தேதியிட்டு எழுதவே எழுதாதீர்கள்.

குன்னூர் செவிலியர்: உறைபனிக் காலத்தில் தடுப்பூசிக் குளிர்பெட்டியை எப்படிக் கவனிப்பது, ஐயா?

மலைக்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது, அம்மா. சமவெளியில் சூடுதான் பகை. இங்கே மார்கழி, தை மாதங்களில் குளிரும் பகையாகிறது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மஞ்சள் காமாலை பி, ஐந்து நோய்த் தடுப்பூசி, ரண ஜன்னிக்கான டி.டி. ஆகியவை ஒருமுறை உறைந்தால், உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது. ஒரு கிளினிக்கில் ஜனவரி மாதம் முழுவதும் காலை, மாலை இரு வேளையும் '4' என்று ஒரே பேனாவில் எழுதியிருந்தது. நான் கதவைத் திறந்தபோது வெப்பமானி 0 காட்டியது, பின்சுவரை ஒட்டியிருந்த குப்பிகளில் பனி படர்ந்திருந்தது. அந்தப் பெட்டியிலிருந்து எத்தனை குழந்தைகளுக்கு ஊசி போட்டார்களோ என்ற கவலை இன்றும் எனக்குத் தீரவில்லை. ஆகவே வெப்பமானியைக் கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள். குப்பிகளைப் பின்சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

கொடைக்கானல் மருத்துவர்: மண் சரிந்து பாதை அடைபட்டால் கழிவு வண்டி வருவதில்லை. 48 மணி நேர விதியை மீறியவன் ஆவேனா?

2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளிலேயே இதற்கு வழி இருக்கிறது. ரத்தம் தோய்ந்த பஞ்சு போன்ற மஞ்சள் பைக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்க நேர்ந்தால், அதனால் யாருக்கும் தீங்கு நேராதபடி பாதுகாத்து, காரணத்தை வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பாதை அடைபட்ட அன்றே கடிதம் எழுதி, நகலைக் கோப்பில் வையுங்கள்.

பந்தலூரிலிருந்து: கடிதம் எதற்கு? எஸ்டேட்டில் ஒரு குழி வெட்டிப் புதைத்தால் முடிந்தது.

முடியாது. பொது மருத்துவக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேவை எட்டாத தொலைதூர ஊர்களுக்கு மட்டும், அதுவும் அனுமதி பெற்ற பிறகே, ஆழப் புதைத்தல் உண்டு. குழி ஏறத்தாழ 2 மீட்டர் ஆழம் இருக்க வேண்டும். பாதி நிரம்பியதும் சுண்ணாம்பு இட்டு மண் மூட வேண்டும். நிலத்தடி நீர் குழியின் அடியிலிருந்து குறைந்தது 6 மீட்டர் கீழே இருக்க வேண்டும். மண் அரிப்பு உள்ள இடம் ஆகாது. மழைக்காலத்தில் சரிவெங்கும் ஊற்று எடுக்கும் உங்கள் ஊரில் அப்படி ஓர் இடத்தைக் காட்டுங்கள்.

மீண்டும் பந்தலூர்: எங்களிடம் வெறும் ஊசிகள்தான் இருக்கின்றன. கம்பி வலை போட்டு மூடினால்?

வலை போட்டாலும் ஊசியை மண்குழியில் புதைக்க அனுமதியில்லை. அது துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குரியது. காட்டுப்பன்றி கிளறிய சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் காலில் ஏறுவது உங்கள் ஊசியாக இருக்கக் கூடாது.

குன்னூரிலிருந்து: ஆய்வுத் தேதியை முன்பே அறிய வழி உண்டா?

கூடலூர்க்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

உதகை மருத்துவர்: என் நோயாளிகளுக்கு நானே மாத்திரை கொடுக்க மருந்துக்கடை உரிமம் வேண்டுமா?

கடை விரித்து விற்காமல், உங்கள் நோயாளிக்கு மட்டும் கொடுத்தால் வேண்டியதில்லை. மருந்து விதிகளின் 'கே' அட்டவணை விலக்கு அளிக்கிறது. ஆனால் உரிமம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்கி, தொகுதி எண்ணுடன் கொள்முதல் விவரத்தைப் பதிந்து வைக்க வேண்டும்.

கோத்தகிரியிலிருந்து: ஸ்கேன் கருவி வாங்கலாமா?

கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். வாங்கும் முன்பே மாவட்ட அதிகாரியிடம் கேளுங்கள்.

பந்தலூர், கடைசியாக: சென்ற ஆண்டே புதைத்துவிட்டோம். தோண்டி எடுத்துவிடவா?

தோண்டாதீர்கள், தம்பி. இடத்தைச் சுற்றி வேலி கட்டி, எதை, எப்போது, எவ்வளவு புதைத்தீர்கள் என்பதை உள்ளபடி எழுதி வாரியத்திடம் கொடுங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அவர்கள் நேரில் வந்து பார்த்துச் சொல்லட்டும்.