நெகிழ்வின் கணக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

இயந்திரங்களைப் பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இயந்திரவியல் முடித்து ஒரு விமான வடிவமைப்புக் குழுவில் சேர்ந்திருக்கிறேன். கூடச் சேர்ந்தவர்களுக்கு இறக்கை, எஞ்சின் என்று வேலை கிடைத்தது. எனக்குக் கிடைத்தது குளிர்விப்பு அமைப்பில் பம்புக்கும், வெப்பத்தை வாங்கிக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கும் நடுவே குழாய்களை இணைக்கும் நெகிழும் கப்ளிங். பம்பின் அதிர்வு அந்தப் பக்கம் போகாமல் அது பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் ரப்பர் வளையம் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். எனக்கும் சில நாள் அப்படித்தான் தோன்றுகிறது. ரப்பரா, மடிப்பு மடிப்பான உலோகக் குழாயான பெல்லோஸா, எது அதிர்வை நன்றாகக் குறைக்கும்? எவ்வளவுக்கு மென்மையோ அவ்வளவுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா? இதைப் படிக்கத் தமிழில் புத்தகம் உண்டா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது நானே இந்த இணைப்புகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பொருள் என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். குழாயில் என்ன ஓடுகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. உறையாமல் இருக்கச் சேர்க்கும் கிளைகோலும் தண்ணீரும் கலந்த திரவம் என்றால் ஈபிடிஎம் ரப்பர் நன்றாகத் தாங்கும். போர் விமானங்களில் மின்னணுக் கருவிகளைக் குளிர்விக்கும் பிஏஓ என்ற செயற்கை எண்ணெய் என்றால் அதே ஈபிடிஎம் ஊதிப்போகும், அங்கே ஃப்ளூரோசிலிகோன் போல வேறு வகை வேண்டும். எஞ்சினிலிருந்து எடுக்கும் 200 டிகிரி செல்சியஸ் காற்று என்றால் உலோக பெல்லோஸைத்தான் பெரும்பாலும் நாடுவார்கள். திரவமும் வெப்பமும் சேர்ந்து பொருளை முடிவு செய்துவிடும், உங்களுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. புத்தகத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

ஆனால் தம்பி, அதிர்வைக் குறைக்க வேண்டும் என்கிறீர்கள், எந்த அதிர்வு என்று ஒரு வரி இல்லை. எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு எத்தனை முறை? எதன் வழியாக வருகிறது? இது தெரியாமல் ரப்பரா உலோகமா என்று கேட்பது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. படித்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

விமானங்களில் மாறுமின்சாரம் பெரும்பாலும் 400 ஹெர்ட்ஸ். அதில் ஓடும் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 12,000 சுற்றை ஒட்டிச் சுற்றும். விநாடிக்கு 200 சுற்று, அதாவது 200 ஹெர்ட்ஸில் ஓர் அதிர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பின் சுழலியில் ஆறு இதழ் இருந்தால் திரவத்துக்குள் 1,200 ஹெர்ட்ஸில் ஓர் அழுத்தத் துடிப்பும் உண்டு. முதலாவது குழாயின் சுவர் வழியாகப் போகிறது, அதை உங்கள் கப்ளிங் மறிக்க முடியும். இரண்டாவது திரவத்துக்குள்ளேயே பயணம் செய்கிறது. நடுவில் கப்ளிங் இருந்தாலும் அது பெரும்பாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அப்புறம், மென்மை. நெகிழும் தாங்கலில் நிற்கும் எந்த அமைப்புக்கும் தனக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் இருக்கிறது. அதைப் போல 1.4 மடங்குக்கு மேலே இருக்கும் அதிர்வைத்தான் அது குறைக்கும். அதற்குக் கீழே குறைக்காது, இயல்பு அதிர்வெண்ணை நெருங்கினால் பெருக்கியே கொடுத்துவிடும். 200 ஹெர்ட்ஸ் பம்புக்கு 60 ஹெர்ட்ஸில் அமைந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்யும். மென்மை நல்லதுதானே என்று அதை இன்னும் தளர்த்தி 17 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோய் ஒரு பிளாக் ஹாக் ஹெலிகாப்டரில் வைத்துப் பாருங்கள். அதன் பெரிய சுழலி நிமிடத்துக்கு 258 முறை சுற்றுகிறது, அதன் இதழ்கள் நான்கு. பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 17 உதைப்பு. மொத்த உடலும் அந்தத் தாளத்தில் குலுங்கும்போது நீங்கள் பார்த்துப் பார்த்து மென்மையாக்கிய ஏற்பாடு கூடச் சேர்ந்து ஆடும்.

உலோக பெல்லோஸுக்கு வேறு தொல்லை. அழுத்தம் ஏறியதும் அது நீளப் பார்க்கும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 3 பார் அழுத்தம் என்றால் சுமார் 240 கிலோ எடையளவுக்கு இரண்டு முனையையும் வெளியே தள்ளும். அதைப் பிடித்து நிறுத்தக் கம்பியோ கீலோ வைக்க வேண்டும். வைத்தால் நெகிழ்வில் ஒரு பங்கு போய்விடும்.

நண்பர்களின் கேலிக்கு ஒரே ஒரு பதில் சொல்கிறேன். 1968 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் நிலவுத் திட்டத்தில் சோதனைக்காக அப்போலோ 6 ராக்கெட் ஆளில்லாமல் கிளம்பியது. அதன் ஜே-2 எஞ்சின்களில் பற்றவைப்பானுக்குத் திரவ ஹைட்ரஜன் கொண்டுபோகும் ஒரு சின்னக் குழாயில் நெகிழ்வுக்காக பெல்லோஸ் வைத்திருந்தார்கள். தரையில் எத்தனையோ முறை சோதித்தபோது ஒன்றும் ஆகவில்லை. காரணம் என்ன தெரியுமா? அந்தக் குளிரில் சுற்றியிருந்த காற்றே திரவமாகி பெல்லோஸின் மேல் படிந்து அதிர்வை அடக்கிவிட்டது. மேலே போனதும் காற்று இல்லை, அடக்க ஆளும் இல்லை. உள்ளே ஓடிய ஹைட்ரஜனே அந்த மடிப்புகளை அதிரவைத்து உடைத்துவிட்டது. இரண்டாம் கட்டத்தில் ஓர் எஞ்சின் பாதியில் நின்றது, மூன்றாம் கட்ட எஞ்சின் மறுபடி பற்றவே இல்லை. பிறகு பெல்லோஸை எடுத்துவிட்டு வளைவுகள் வைத்த குழாயைப் போட்டார்கள். நெகிழ்வுக்காக வைத்த பொருளே அதிர ஆரம்பிக்கும் என்பதை உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள், கேலி நிற்கும்.

சரி, எனக்கு முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன். ஒரு பராமரிப்புக் கூடத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், அங்கிருந்த மூத்த ஃபிட்டர் ஒருவர் கப்ளிங்கிலிருந்து கழற்றிய குழாய் முனை ஒன்றை என் கையில் வைத்து, "பாத்துச் சொல்லுங்க" என்றார். அலுமினிய முனை. கசிவைத் தடுக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவத்தில் பளபளவென்று தேய்ந்திருந்தது. பள்ளத்துக்குள் கறுப்பாக ஒரு மாவு. தொட்டால் விரல் ரேகைக்குள் புகுந்துகொண்டது, துடைத்தாலும் எளிதில் போகவில்லை. எதிர்ப்பக்கம் நேற்று வாங்கியது போல இருந்தது. அலுமினியம் அலுமினியத்தோடு நுண்ணிய அளவில் உரசி உரசி உதிர்ந்த ஆக்சைடு அது. சுற்றிலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் அதிர்வை மட்டும் சந்தேகிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் குழாயைக் கோணலாக இழுத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று அவர் விளக்கினார். "இதுல இருந்த ஆட்டத்தையெல்லாம் பூட்டினவனே தின்னுட்டான். அதிர்வுக்கு என்னத்த வச்சான்?"

இதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு கப்ளிங்கின் நெகிழ்வு, குடும்பத்துக்கு வரும் ஒரே சம்பளம் மாதிரி. அளவு முன்பே முடிவானது, கேட்கிறவர்கள் பல பேர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கப்ளிங் நீளவாக்கில் 6 மில்லிமீட்டர் இடம் தருகிறது என்று வையுங்கள். ஒரு மீட்டர் அலுமினியக் குழாய், மைனஸ் 40 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குப் போனால் இரண்டரை மில்லிமீட்டர் நீளும். பறக்கும்போது விமானத்தின் உடல் வளைவதற்கு ஒரு மில்லிமீட்டர் போகட்டும். மிச்சம் இரண்டரை. அந்த இரண்டரையைத் தயாரிப்பில் குழாய் குட்டையாகிப்போனதற்கு ஈடுகட்டப் பூட்டுகிறவர் எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. கப்ளிங் அதன் எல்லையில் போய் முட்டி நிற்கும். அதற்குப் பெயர் நெகிழும் கப்ளிங், வேலையோ இறுகிய குழாயின் வேலை. பம்பின் அதிர்வு அப்படியே ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய தகடுகளுக்குப் போகும்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், அதிர்வு கேட்பது மிகக் கொஞ்சம். 200 ஹெர்ட்ஸில் புவியீர்ப்பைப் போல 10 மடங்கு முடுக்கம் என்றாலும் அசைவு நடுநிலையிலிருந்து 0.06 மில்லிமீட்டர்தான். அதைக்கூட விட்டுவைக்காமல் முன்னால் வந்தவர்கள் எடுத்துவிடுகிறார்கள். எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். 200 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு மணி நேரத்தில் 7,20,000 முறை. 14 மணி நேரத்தில் ஒரு கோடியைத் தாண்டிவிடும். ஒரு வெல்டிங் ஓரத்தில் தகைவு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் விரிசல் விழ அது தாராளம்.

வடிவமைக்கிறவர்களிடம் இந்தப் பழக்கத்தைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இரண்டு குழாய் நேராக வரவில்லையா? நடுவே ஒரு கப்ளிங் போடு, அது பார்த்துக்கொள்ளும். வரைபடத்தில் நான்கு டிகிரி கோணலை அனுமதிக்கும் என்று எழுதியிருந்தால், நான்கு டிகிரி கோணலாகப் பூட்டலாம் என்று தளத்தில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்லாதீர்கள். பிரித்து எழுதாதது நம் தவறு. பூட்டும்போது இவ்வளவு, ஓட்டத்தில் இவ்வளவு என்று இரண்டு எண்ணாக எழுத வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ரப்பர் நடுவே வந்ததும் இரண்டு குழாயும் மின்சாரத்தில் தனித்தனியாகிவிடும். நிலைமின்சாரத்துக்கும் மின்னலுக்கும் வழிவிட ஒரு பின்னல் கம்பியைக் குறுக்கே போட வேண்டியிருக்கும். அதையும் குட்டையாக, விறைப்பாகப் போட்டுவிட்டு ஆட்டம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். உங்கள் வரைபடத்தில் அந்தக் கம்பிக்குத் தொய்வு எவ்வளவு என்று தனியாக எழுதுங்கள்.

மனம் சோராதீர்கள். நல்ல வேலைதான் கிடைத்திருக்கிறது. கணினியில் மாதிரி வரைய ஆரம்பிக்கும் முன் பூட்டும் தளத்துக்குப் போங்கள். திரவத்தை வடித்து அழுத்தம் இறக்கிய ஓர் அமைப்பில், இதே இடத்தில் இருக்கும் பழைய கப்ளிங்கின் கிளாம்பை ஃபிட்டரைக் கழற்றச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய நொடியில் குழாய் எந்தப் பக்கம் துள்ளுகிறது, எத்தனை மில்லிமீட்டர் துள்ளுகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து விமானங்களில் அளந்தால் இன்னும் நல்லது. அந்த எண்களோடு அடுத்த கடிதத்தை எழுதுங்கள், ரப்பரின் கடினம் எவ்வளவு வைக்கலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.