வேலிக்குள் அடங்குவதும் அடங்காததும்

கேள்வி: இரண்டு ஏக்கரில் ரசாயனமின்றிப் பயிர் செய்கிறோம். விதை, எரு, பால், தீவனம் என எதற்கும் பிறர் கையை எதிர்பார்க்கக் கூடாது என்ற உறுதியோடு தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கணவன், மனைவி இருவருமே ஓய்ந்துபோயிருக்கிறோம். அக்கம்பக்கத்துப் பண்ணைகளோடு சேரலாம் என்றால், அது மனக்கசப்பில் முடியுமோ என்று அச்சமாக இருக்கிறது. எதை நாங்களே வைத்துக்கொள்வது, எதைப் பகிர்வது?

பதில்: முதலில் விதையை எடுத்துக்கொள்வோம். தக்காளியும் பீன்ஸும் பெரும்பாலும் தம் பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்பவை. நல்ல செடிகள் சிலவற்றிலிருந்து ஆண்டுதோறும் விதை எடுத்தாலும் இனம் கெடாது. மக்காச்சோளம் அப்படியன்று. கதிரின் நுனியில் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி. காற்றில் வரும் மகரந்தம் படாத இழைக்குரிய இடம் வெறுமையாகவே நின்றுவிடும். தன்னிறைவு என்ற பிடிவாதத்தில் நான் இருபது செடிகளிலிருந்தே தொடர்ந்து விதை எடுத்தேன். மூன்றாம் பருவத்தில் செடிகள் இடுப்புயரத்தைத் தாண்டவில்லை. உரித்துப் பார்த்த கதிர்களில் பாதி பொக்கையாக இருந்தது. மக்காச்சோளத்தின் வீரியம் குறையாமலிருக்க ஏறத்தாழ 200 செடிகளாவது சேர்ந்து பூத்து, அவற்றுள் பலவற்றிலிருந்து விதை எடுக்கப்பட வேண்டும். சிறு பண்ணையில் அதற்கு இடம் ஒதுக்கினால் மற்றவற்றுக்கு இடமிருக்காது. பூசணியிலோ சிக்கல் வேறு. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு ரகங்கள் அருகருகே பூத்தால் தேனீக்கள் அவற்றைக் கலந்துவிடும். இரண்டு மூன்று கிலோமீட்டர் பறந்து இரை தேடும் தேனீக்கு உங்கள் வேலி ஒரு பொருட்டே இல்லை. அண்டை வீட்டாரோடு நீங்கள் பேசாமலிருந்தாலும் உங்கள் பூசணி அவர்கள் பூசணியோடு சேரத்தான் செய்யும். ஆகவே விதைக்காக ஆளுக்கொரு பயிரைப் பொறுப்பேற்று, பருவ முடிவில் மாற்றிக்கொள்வதே உங்களுக்கு நான் முதலில் சொல்லும் வழி.

ஆட்டுக் கிடாவுக்கும் இதே நியாயம் பொருந்தும். நான்கைந்து பெட்டை ஆடுகளுக்காக ஒரு கிடாவை ஆண்டு முழுவதும் தீனி போட்டு வளர்ப்பது வீண். அதன் பெண் குட்டிகள் பருவத்துக்கு வந்ததும் நெருங்கிய இரத்தக் கலப்பைத் தவிர்க்க அதை மாற்றியும் ஆக வேண்டும். மூன்று பண்ணைகளுக்குள் கிடாக்கள் சுற்றி வந்தால் போதும். அத்துடன், நீங்கள் காய்ச்சலில் படுத்தால் காலையும் மாலையும் வந்து பால் கறக்க, உங்கள் ஆடுகள் மிரளாத அளவுக்குப் பழகிய இன்னொரு கை வேண்டும். இந்த ஏற்பாட்டை நோய் வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

தாமதம் பொறுக்காத வேலைகளை மட்டும் எவரிடமும் விடாதீர்கள். நாற்றங்கால், பாசனம், எருக்குழி மூன்றும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். எருக்குவியல் சூடு தணியும்போது அன்றே புரட்ட வேண்டும். அதற்காகப் பிறர் வரும் நாளைப் பார்த்துக் காத்திருக்க முடியாது.

உங்கள் அச்சம் நியாயமானது. நாங்கள் நால்வர் பணம் போட்டு உழவு இயந்திரம் ஒன்றை வாங்கினோம். பழுதான நாளில் அது யார் கையில் பழுதானது என்று தெரியாமல், இரண்டு குடும்பங்கள் ஓராண்டு பேசிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து கூட்டாகச் சொத்து வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. இயந்திரம் ஒருவருக்கே சொந்தமாக இருக்கட்டும். மற்றவர்கள் மணிக்கணக்கில் வாடகையோ, அதற்கு ஈடான உழைப்போ தரலாம். இயந்திரத்தின் கைப்பிடியில் ஒரு நோட்டையும் பென்சிலையும் கட்டித் தொங்கவிட்டு, எடுத்தவர் பெயர், ஓடிய நேரம், திருப்பித் தரும்போது கண்ட குறை ஆகியவற்றை அங்கேயே எழுதச் செய்யுங்கள். நெருங்கிய நண்பர்களிடம் கணக்கு எழுதச் சொல்வது முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். எங்கள் நட்பு மீண்டது அந்த நோட்டு வந்த பிறகுதான்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் தொடங்க வேண்டாம். இந்தப் பருவத்தில், பூசணி விதை ஊன்றும் முன், யார் எந்த ரகத்தைப் போடுவது என்பதை மட்டும் அண்டை வீட்டாரோடு பேசி முடிவு செய்யுங்கள்.