லினக்ஸ் டிரைவர் கோடில், எல்லோரும் படிக்க மட்டும் அனுமதிக்கும் 0444-க்குப் பதிலாக 444 என்று எழுதிவிட்டால் கம்பைலரே பிடித்துவிடாதா?

சில எண்களைப் பிடிக்கும், சிலவற்றை விட்டுவிடும். விட்டுவிடுகிற ரகத்தில் 444-ம் ஒன்று.

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் 2014 முதல் வெரிஃபை_ஆக்டல்_பெர்மிஷன்ஸ் என்று ஒரு மேக்ரோ (கம்பைல் செய்யும்போது விரியும் சிறு கோடு) இருக்கிறது. கெர்னல் டெவலப்பர் ரஸ்டி ரஸ்ஸல் எழுதியது. மாட்யூல் பாராமீட்டருக்கோ (மாட்யூலின் ஓர் அமைப்பு மதிப்பு) சிஸ்எஃப்எஸ் ஆட்ரிபியூட்டுக்கோ (கெர்னல் விவரத்தைக் காட்டும் ஒரு கோப்பு) நீங்கள் தரும் அனுமதி எண் இதன் வழியாகத்தான் போகும். இந்த எண் ஆக்டலில், அதாவது எட்டை அடியாகக் கொண்ட முறையில் எழுதப்படுவது; கடைசி மூன்று இலக்கங்கள் வரிசையாக உரிமையாளர், குழு, மற்றவர்களுக்கு; ஒவ்வொன்றிலும் 4 படிக்க, 2 எழுத, 1 இயக்க. எண் 0777-ஐத் தாண்டக் கூடாது. உரிமையாளரால் படிக்க முடியாததைக் குழுவும், குழுவால் முடியாததை மற்றவர்களும் படிக்கக் கூடாது. உரிமையாளருக்கு இல்லாத எழுதும் உரிமை குழுவுக்கு இருக்கக் கூடாது. மற்றவர்கள் எழுதவே கூடாது. இதில் எது மீறினாலும் கம்பைல் நின்றுவிடும். எல்லாம் கம்பைல் நேரத்திலேயே முடிந்துவிடுவதால் ஓடும்போது ஒரு செலவும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த மேக்ரோ இது.

ஆனால் முன்னால் சைபர் இல்லாவிட்டால் சி மொழி அதைச் சாதாரண தசம எண்ணாகத்தான் எடுத்துக்கொள்ளும். தசம 644 என்பது ஆக்டலில் 01204. 0777-ஐத் தாண்டுவதால் மாட்டிக்கொள்ளும். தசம 444 என்பது 0674. மேலே சொன்ன நிபந்தனைகளில் வைத்துப் பாருங்கள், ஒன்றைக்கூட மீறவில்லை! படிக்க மட்டும் என்று நினைத்த கோப்பில் உரிமையாளரும் குழுவும் எழுதலாம் என்று ஆகிவிடுகிறது.

நான் மாட்டியது 400-ல். உரிமையாளர் மட்டும் படிக்கட்டும் என்று ஒரு பாராமீட்டருக்கு அந்த எண்ணைக் கொடுத்தேன். உண்மையில் அது 0620, அதாவது குழுவால் படிக்க முடியாது, ஆனால் எழுத முடியும். கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை. எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராகவே சோதித்ததால் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பல நாள் கழித்து, வேறு எதற்கோ அந்த பாராமீட்டர்ஸ் டைரக்டரியில் கோப்புகளின் அனுமதியைக் காட்டும் 'எல்எஸ் -எல்' அடித்தபோதுதான் கண்ணில் பட்டது.

அதனால் பேட்சை (உங்கள் கோடு மாற்றத்தை) அனுப்பும் முன், அதைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டைக் கட்டாயம் ஓட்டுங்கள். அது மூல வரியையே படிப்பதால் 'நான்கு இலக்க ஆக்டல் போடு' என்று சொல்லிவிடும். 0444-க்கு மாற்றாக எழுதும் எஸ்_ஐருகோ மாதிரிப் பெயர்களையும் தவிர்க்கச் சொல்லும். 0444 என்பதுதான் பார்த்தவுடன் புரிகிறது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2016-ல் சொன்னதிலிருந்து நடைமுறை அதுதான். எனக்கும் அதே கருத்து.

அப்புறம், டீபக்எஃப்எஸ்ஸில் (பிழை தேடுவதற்கான கெர்னல் கோப்புகள் இருக்கும் இடம்) கோப்பு உருவாக்கும்போது அந்த மேக்ரோ வராது. அங்கே கொடுக்கிற எண்ணை நீங்களே இரண்டு முறை பாருங்கள். மாட்யூலை ஏற்றியபின் ரூட் அல்லாத ஒரு பயனராக நுழைந்து, படித்தும் எழுதியும் பாருங்கள்.