ஐந்து நாள் விடுப்பில் பழனிக்கு நடந்து போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. சேலம் அம்மாப்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறேன். ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன். பக்கவாதத்தில் படுத்த அம்மா எழுந்து நடந்தால் பழனிக்குச் செருப்பில்லாமல் நடந்து வருவதாக வேண்டிக்கொண்டேன். அவர் எழுந்துவிட்டார். தைப்பூசத்துக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. முதலாளி ஐந்து நாள் விடுப்பு தருகிறார். தினமும் பத்து மணி நேரம் நின்றே வேலை செய்வதால் நடப்பது எனக்குச் சிரமமில்லை. இரவில் மட்டும் பாதம் லேசாக எரியும். வழியில் என்ன சாப்பிடலாம், என்ன மாத்திரை எடுத்துப் போகலாம்?

பதில்: உங்கள் அம்மா எழுந்து நடப்பதைப் படித்து மனம் நிறைந்தது. ஆனால் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, இரவில் பாதம் எரிகிறது என்று, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. சாப்பாடும் மாத்திரையும் பிறகு. முதலில் பாதத்தைப் பார்ப்போம்.

சர்க்கரை நோயால் பாத நரம்புகள் பழுதடையும்போது எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு என்றுதான் ஆரம்பிக்கும். நாளாக ஆக உணர்வே மங்கிவிடும். அப்படிப்பட்ட காலில் கொப்புளம் உடைந்தாலும் வலிக்காது. வலிக்காததால் நடந்துகொண்டே இருப்பீர்கள். தைப்பூசம் முடிந்த வாரத்தில் அத்தகைய கால்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கண்ணாடிச் சில்லு ஏறியது தெரியாமலே இரண்டு நாள் நடந்த ஒருவருக்கு ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அவரும் நேர்த்திக்கடனுக்காக நடந்தவர்தான்.

ஆகவே இந்த வாரமே பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் பல இடங்களைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை, வலி கிடையாது. காலின் ரத்த ஓட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீரகப் பரிசோதனை, ஈசிஜி மூன்றும் அவசியம். பாதத்தில் உணர்வு குறைந்திருந்தாலோ புண் இருந்தாலோ இந்த ஆண்டு நடக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். பஸ்ஸில் போய்த் தரிசனம் செய்யுங்கள்.

உணர்வு நன்றாக இருந்தால் நடக்கலாம், ஆனால் காலணியோடு. செருப்பில்லாமல் என்று வேண்டிக்கொண்டதை எப்படி நிறைவேற்றுவது என்று கோயில் குருக்களிடம் கேளுங்கள். அது என் துறை அல்ல. மலை ஏறும்போது எப்படியும் வெறுங்கால்தான். கல் சுடாத அதிகாலையில் ஏறி, இறங்கியவுடன் உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள். படிகள் 690-க்கும் மேல். முட்டி வலித்தால் யானைப்பாதை எளிது.

இப்போது நாள் கணக்கு. சேலத்திலிருந்து சங்ககிரி, ஈரோடு, காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனி ஏறத்தாழ 175 கிலோமீட்டர். ஐந்து நாளில் ஒரு நாள் தரிசன வரிசைக்கும் திரும்பி வருவதற்கும் போய்விடும். மிச்சம் நான்கு நாள் என்றால் தினமும் 44 கிலோமீட்டர். இடைவிடாமல் நடந்தாலே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் காலுக்கோ மணிக்கு ஒருமுறை உட்கார்ந்து, காலுறையைக் கழற்றி, விரலிடுக்கு வரை பார்க்கும் அவகாசம் வேண்டும். அவசரமாக நடப்பவர் அதைத்தான் முதலில் விட்டுவிடுவார். நாளைக் கூட்ட முடியாது, தூரத்தைக் குறையுங்கள். அம்மாப்பேட்டை குமரகிரியில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, காங்கேயத்துக்குப் பஸ் ஏறுங்கள். பக்கத்திலேயே சிவன்மலை, அங்கும் முருகன்தான். அங்கிருந்து பழனிக்குச் சுமார் 70 கிலோமீட்டர், மூன்று நாள் நடை. நான்காம் நாள் தரிசனம். ஐந்தாம் நாள் வீட்டில் ஓய்வு.

நின்று வேலை செய்வது வேறு, நடப்பது வேறு. ஈசிஜியைப் பார்த்து மருத்துவர் சரி என்றதும் வாரத்தில் நான்கு நாள், ஐந்து கிலோமீட்டரில் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை நடையை 8, 11, 14 என்று கூட்டுங்கள். ஐந்தாவது வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து 15 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். முதல் நாள் யாரும் நடந்துவிடுவார்கள். மறுநாள் காலையில் கால் என்ன சொல்கிறது என்பதே உண்மையான பரிசோதனை. கடைசி வாரம் பாதியாகக் குறையுங்கள். படிக்குப் பழக வாரம் ஒருமுறை குமரகிரி ஏறி இறங்கினால் போதும். பயிற்சி என்று ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவும் நடந்து இறங்கி, முட்டியைக் கெடுத்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வழி பெரும்பாலும் சமதரை. அது வேண்டாம்.

காலணியை இன்றே வாங்குங்கள், அதுவும் மாலையில்; கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு சரியாகத் தெரியும். காலுறை ஈரமானால் உடனே மாற்றுங்கள். கொப்புளம் வந்தால் நீங்களே குத்தக் கூடாது. சுத்தமான கட்டுப் போட்டு, அன்றைய நடையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரையில் கவனிக்க வேண்டியது கிளிமிபிரைடு. அதைப் போட்டுவிட்டு விரதம் என்று காலை உணவைத் தவிர்த்து நடந்தால் சர்க்கரை திடீரென இறங்கும். நடக்கும் நாட்களில் அளவைக் குறைக்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தடுமாற்றம் வந்தால் உட்கார்ந்து மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். கால் மணி நேரம் கழித்துச் சோதித்து, அப்போதும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடியும் குடியுங்கள். கூட வருபவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அன்னதானப் பந்தலில் பொங்கலும் மோரும் சாப்பிடலாம். கேசரியும் இனிப்புப் பானமும் வேண்டாம். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், ஆனால் வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறையும்.

வலி மாத்திரை என்று டைக்ளோஃபினாக் வாங்கிப் பையில் போடாதீர்கள். உடலில் நீர் வற்றிய நேரத்தில், டெல்மிசார்டனோடு சேர்ந்து அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும். நெஞ்சு இறுகினாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ நடையை அங்கேயே நிறுத்தி 108-ஐ அழையுங்கள்.

ஊர் திரும்பிய பிறகும் ஒரு வாரத்துக்குத் தினமும் இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாதது வீட்டில் வேறொருவர் கண்ணில் படலாம். அம்மாவையே பார்க்கச் சொல்லுங்கள்.